காது வலிக்குப் பின்னால் கபால எலும்பு: எந்த ஸ்கேன் எதைச் சொல்லும்?



நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக்கு வரும் விண்ணப்பங்களில் ஸ்கேன் செலவுக்கான கோரிக்கைகள் கூடிக்கொண்டே போகின்றன. அவற்றுள் ஒரு வகை எங்களை அடிக்கடி யோசிக்க வைக்கிறது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். பத்துப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை இருக்கும். ஒரு காதில் வலி, சீழ். மூன்று வாரம் மருந்துக்கடையில் சொட்டு மருந்து, பிறகு ஒரு டாக்டர், பிறகு இன்னொரு டாக்டர். கடைசியில் ஒரு சி.டி. ஸ்கேன், அடுத்த வாரம் ஒரு எம்.ஆர்.ஐ., அதற்கடுத்து ‘பெட் ஸ்கேன் எடுக்க வேண்டுமாம்’ என்று மகனோ மருமகனோ சீட்டோடு வந்து நிற்பார். ‘ஏற்கெனவே ரெண்டு எடுத்தாச்சே பாய், இது எதுக்கு?’ என்று நாங்கள் கேட்டால் அவருக்குப் பதில் தெரிவதில்லை. பல நேரம் எங்களுக்கும் தெரிந்ததில்லை.

அதனால் இந்த இதழில் அதையே எடுத்துக்கொண்டோம். நாங்கள் டாக்டர்கள் அல்ல. டாக்டர் சொல்வது புரியவும், சரியான கேள்வியைக் கேட்கவும், பணம் வீணாகாமல் இருக்கவும் உதவும் அளவுக்கு எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பார்ப்போம். காதின் வெளித்துவாரத்தில் தொடங்கும் கிருமித் தொற்று, சர்க்கரை நோயாளிகளிடம் சில சமயம் தோலோடு நிற்பதில்லை. துவாரத்தின் அடிப்பக்கத்தில் குருத்தெலும்பும் கெட்டி எலும்பும் சேருமிடம் வழியாகக் கீழே இறங்கி, கபாலத்தின் அடித்தள எலும்பைப் பிடிக்கும். பெரும்பாலும் ‘சூடோமோனாஸ்’ என்ற பாக்டீரியா. சிலரிடம் பூஞ்சையும் காரணமாக இருக்கும். நம் உடலின் முக்கியமான நரம்புகள் பல இந்த அடித்தள எலும்பில் உள்ள சிறு துளைகள் வழியாகத்தான் வெளியே வருகின்றன. எலும்பு புண்ணானால் நரம்பும் பாதிக்கும். முதலில் முகத்தின் ஒரு பக்கம் கோணும். இன்னும் பரவினால் குரல் கம்மும், விழுங்கும்போது புரையேறும். மூளை உறைக்கும் பெரிய ரத்தக்குழாய்களுக்கும் போனால் உயிருக்கே ஆபத்து.

இந்த நோய்க்கு ‘மாலிக்னன்ட் ஓட்டைட்டிஸ் எக்ஸ்டர்னா’ என்று ஒரு பெயர் உண்டு. அமெரிக்க மருத்துவர் சாண்ட்லர் 1968-ல் வைத்த பெயர். ரிப்போர்ட்டில் ‘மாலிக்னன்ட்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று எண்ணி வீடே அழுத சம்பவம் எங்களுக்குத் தெரியும். இது புற்றுநோய் அல்ல. சரியான மருந்து இல்லாத அந்தக் காலத்தில் பலரைக் கொன்றதால் அப்படிப் பெயர் வைத்தார்கள். இப்போது பல மருத்துவர்கள் அந்தப் பெயரைத் தவிர்த்து, ‘நெக்ரோடைசிங்’ என்றோ ‘ஸ்கல் பேஸ் ஆஸ்டியோமைலைட்டிஸ்’ என்றோ எழுதுகிறார்கள். ஆஸ்டியோமைலைட்டிஸ் என்றால் எலும்பில் தொற்று. அவ்வளவுதான்.

கோவைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், சர்க்கரைதான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. கோட்டைமேட்டிலோ குனியமுத்தூரிலோ கரும்புக்கடையிலோ ஒரு தெருவில் நடந்து போய்க் கேட்டாலே தெரியும், எத்தனை வீட்டில் மெட்பார்மின் அட்டை இருக்கிறது என்று. 2021-ல் கொரோனாவின் இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை வந்தபோது இதை ஊரே பார்த்தது. தமிழக அரசு அந்த மே மாதத்தில் அதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. ஆம்போடெரிசின் ஊசி கிடைக்காமல் குடும்பங்கள் அலைந்ததும் நினைவிருக்கும். அந்தப் பூஞ்சை மூக்கு வழியாக மேல்தாடை, கண்குழி, நெற்றி எலும்பு என்று பிடித்தது. அங்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். நாம் இங்கே பேசுவது காது வழியாக வருவதை என்றாலும், எந்த ஸ்கேன் எப்போது என்ற கணக்கு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சி.டி. ஸ்கேன்: எலும்பின் படம்

காதுக்குச் சாதாரண எக்ஸ்ரே எடுப்பதால் இந்த நோயில் பெரிய பயன் இல்லை. முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும் காது எலும்புக்கான நுண்ணிய சி.டி. ஸ்கேன்தான். ‘எச்.ஆர்.சி.டி. டெம்போரல் போன்’ என்று சீட்டில் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் எலும்பைத் துண்டு துண்டாகக் காட்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மற்ற ஸ்கேன்களைவிடச் செலவு குறைவு. காதுத் துவாரத்தின் எலும்புச் சுவர் அரித்திருக்கிறதா, காதுக்குப் பின்னால் உள்ள காற்றறைகளில் நீர் கோத்திருக்கிறதா, தாடை மூட்டு பாதித்திருக்கிறதா என்பதை இதில் நன்றாகப் பார்க்கலாம்.

ஆனால் இதற்கு ஒரு பெரிய குறை உண்டு. எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போன பிறகுதான் அரிப்பு படத்தில் தெரியும். கரையான் சுவருக்குள் புகுந்த அன்றே சுண்ணாம்பு உதிர்வதில்லை அல்லவா, அதுபோல. ஆகவே முதல் இரண்டு வாரத்தில் எடுத்த சி.டி. ‘நார்மல்’ என்று வந்தால், நோய் இல்லை என்று அர்த்தமில்லை. இதை அழுத்திச் சொல்கிறோம். ‘ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சு’ என்று சொல்லி மேற்கொண்டு சிகிச்சையை நிறுத்தியவர்கள், இரண்டு மாதம் கழித்து வாய் கோணி வந்திருக்கிறார்கள்.

குறை மறுபக்கமும் உண்டு. நோய் முழுவதும் குணமான பிறகும் அரித்த எலும்பு பல மாதங்களுக்கு, சிலருக்கு வருடங்களுக்கு, அப்படியே தெரியும். ஆகவே மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க மாதாமாதம் சி.டி. எடுப்பதில் அர்த்தம் குறைவு.

எம்.ஆர்.ஐ.: எலும்பைச் சுற்றியும் உள்ளேயும்

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. காந்தத்தையும் ரேடியோ அலைகளையும் கொண்டு, உடலில் உள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜனைப் படம் பிடிக்கிறது. கெட்டி எலும்பை இது சரியாகக் காட்டாது. ஆனால் எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையைக் காட்டும். ஆரோக்கியமான மஜ்ஜையில் கொழுப்பு அதிகம் என்பதால் ஒருவகைப் படத்தில் அது வெளிச்சமாகத் தெரியும். தொற்று புகுந்தால் அந்த இடம் இருண்டுவிடும். கபால அடித்தளத்தின் நடுவில் இருக்கும் எலும்பு வரை போய்விட்டதா, எலும்புக்குக் கீழுள்ள சதையில் பரவியிருக்கிறதா, மூளை உறையைத் தொட்டுவிட்டதா, காதுக்குப் பின்னால் ஓடும் பெரிய சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்பவற்றுக்கு இதைவிட நல்ல படம் இல்லை. கருப்புப் பூஞ்சைக் காலத்திலும் இதன் அருமை தெரிந்தது. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிப் பார்க்கும்போது, உயிருள்ள திசு மருந்தை வாங்கிப் பளிச்சென்று தெரியும். செத்துப்போன திசு வாங்காமல் கறுப்பாகவே நிற்கும்.

பேஸ்மேக்கர் அல்லது காதுக்குள் வைக்கும் கருவி பொருத்தியவர்கள், உடலில் பழைய இரும்புத் துணுக்கு உள்ளவர்கள் அதை முன்னதாகவே சொல்ல வேண்டும். பட்டறையில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். நம் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல. நீண்டநாள் சர்க்கரையால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு கான்ட்ராஸ்ட் கொடுப்பதில் கவனம் தேவை. கிரியேட்டினின் பரிசோதனைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். படம் முடிய அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகும். குழாய்க்குள் தலை இருக்கும், சத்தம் அதிகம். பெரியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிப் பழக்குங்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டால் படம் வீண்.

எம்.ஆர்.ஐ.யிலும் குணமானதன் அடையாளம் தாமதமாகத்தான் வரும். காய்ச்சலும் வலியும் போன பிறகும் மஜ்ஜை மாற்றம் பல மாதம் தெரியலாம். ‘இன்னும் இருக்குன்னு எழுதியிருக்காங்க’ என்று ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து வருபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேன்கள்

மேலே சொன்ன இரண்டும் உடலின் அமைப்பைக் காட்டுபவை. அடுத்தவை உடலில் நடக்கும் வேலையைக் காட்டுபவை.

போன் ஸ்கேனில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை எலும்பில் சேரும் ஒரு மருந்தோடு கலந்து ஊசி போடுவார்கள். சுமார் மூன்று மணி நேரம் கழித்துப் படம். எங்கே எலும்பு தன்னைத்தானே பழுதுபார்க்க முயல்கிறதோ அங்கே அது அதிகமாய்ச் சேரும். சி.டி. ஒன்றுமில்லை என்று சொல்லும் ஆரம்பக் கட்டத்திலேயே இது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பழுதுபார்ப்பு நடப்பதற்குத் தொற்றுதான் காரணம் என்று இதால் சொல்ல முடியாது. அடிபட்டு முறிந்த எலும்பு, பழைய காது ஆபரேஷன், புற்றுக்கட்டி எல்லாமே இதில் ஒரே மாதிரி கறுக்கும். தொற்று போன பிறகும் பழுதுபார்ப்பு மாதக்கணக்கில் நடக்கும் என்பதால், குணமானதை அறிய இது உதவாது. இப்போது பல இடங்களில் இதோடு சி.டி.யும் சேர்த்து எடுக்கிறார்கள். இடம் துல்லியமாகத் தெரிவதால் அது நல்லது.

காலியம்-67 ஸ்கேன் என்று ஒன்று உண்டு. காலியம் எலும்பின் வேலையைத் தேடுவதில்லை, அழற்சி இருக்கும் இடத்தைத் தேடும். தொற்று அடங்கினால் அதுவும் அடங்கும். ஆகவே மருந்தை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்விக்குப் பல ஆண்டுகள் உலகெங்கும் இதைத்தான் நம்பினார்கள். ஆனால் ஊசி போட்டு ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் படம் எடுக்க முடியும், படமும் மங்கல். இப்போது எளிதில் கிடைப்பதும் இல்லை.

அந்த இடத்துக்குத்தான் பெட் சி.டி. வந்திருக்கிறது. புற்றுநோய் சிகிச்சை நடக்கும் பெரிய மருத்துவமனைகளில் இந்தக் கருவி இருப்பதால் ‘கேன்சர் ஸ்கேன்’ என்றே ஜனங்கள் சொல்கிறார்கள். கதிரியக்கம் ஏற்றிய ஒருவகைச் சர்க்கரையை உடலில் செலுத்துவார்கள். எந்தச் செல் அதிகமாகச் சர்க்கரையை எரிக்கிறதோ அது ஒளிரும். புற்றுச் செல்லும் எரிக்கும், தொற்றோடு போராடும் வெள்ளை அணுக்களும் எரிக்கும். தொற்று அடங்கினால் ஒளி குறையும். ஆகவே ஆறு வாரம், எட்டு வாரம் மருந்து முடிந்தபின் ‘நிறுத்தலாமா?’ என்று பார்க்க இது கைகொடுக்கிறது. டாக்டர் இரண்டு ஸ்கேனுக்குப் பிறகு மூன்றாவதாக இதைக் கேட்டால், பெரும்பாலும் இந்தக் கேள்விதான் காரணம்.

இதில் நம் மக்கள் ஏமாறும் இடங்கள் சில உண்டு. அன்று காலை ரத்தச் சர்க்கரை சுமார் 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலான மையங்களில் ஸ்கேனைத் தள்ளிவைப்பார்கள். உடலில் ஏற்கெனவே சர்க்கரை நிறைந்திருந்தால் செலுத்திய சர்க்கரைக்கு இடமில்லை. உடனே இன்சுலின் போட்டுக்கொண்டு போனாலும் அது சதைக்குள் போய்ப் படத்தைக் கெடுக்கும். எனவே முந்தைய ஒரு வாரமே சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். எந்த மாத்திரையை, எந்த இன்சுலினை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அடுத்தது நேரம். அந்த மருந்து 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்தோ பொள்ளாச்சியிலிருந்தோ வருபவர்கள் பஸ் தாமதம் என்று இரண்டு மணி நேரம் கழித்துப் போனால், உங்களுக்கென்று வைத்திருந்த மருந்து காத்திருக்காது.

இந்த ஸ்கேனுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். அப்படியானால் ரமலானில் நோன்போடு போய் எடுத்துவிடலாமே என்று ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டார். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஊசிக்குப் பிறகு நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்தால்தான் கதிரியக்கப் பொருள் சீக்கிரம் வெளியேறும். போன் ஸ்கேனுக்கும் இதேதான். நோயாளிக்கு நோன்பைப் பின்னால் வைத்துக்கொள்ளும் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட் ஸ்கேனுக்கும் குறை உண்டு. மூளை எப்போதும் சர்க்கரையை அதிகம் எரிக்கும் உறுப்பு. அதன் ஒளியில் பக்கத்து எலும்பின் மெல்லிய ஒளி மறைந்துபோகலாம். மூளைப் பக்கம் பரவியிருக்கிறதா என்ற கேள்விக்கு எம்.ஆர்.ஐ.தான் பதில். கதிர்வீச்சும் கூடுதல். இயற்கையாக ஒருவர் வருடத்துக்குப் பெறும் கதிர்வீச்சு உலக சராசரியில் 2.4 மில்லிசீவெர்ட். தலைக்கு எடுக்கும் ஒரு சி.டி. ஏறத்தாழ அந்த அளவு. முழு உடலுக்கான பெட் சி.டி. அதைப்போலப் பல மடங்கு. அறுபது வயதுக்காரருக்கு, நோயின் ஆபத்தோடு ஒப்பிட்டால், இது பெரிய பயமில்லை. ஆனால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊசி போட்டவர் அன்று பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

எந்த ஸ்கேனாலும் முடியாதது

எந்தக் கிருமி என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. அதற்குச் சீழையோ சதைத் துணுக்கையோ எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே அது எடுக்கப்பட வேண்டும். மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போட்ட சிப்ரோ மாத்திரை, பிறகு கிருமி வளராமல் செய்துவிடும். பாதி மருந்தில் பிழைத்த கிருமி அந்த மருந்துக்கே அடங்காமலும் போய்விடும். அதோடு, காதில் வரும் புற்றுநோயும் காசநோயும் படத்தில் இதே வேடத்தில் வரலாம். இதைப் பிரித்தறிய பயாப்சி வேண்டும். ‘கத்தி வைத்தால் பரவிவிடும்’ என்று பயாப்சிக்கு மறுப்பவர்களைப் பார்க்கிறோம். அதில் உண்மையில்லை.

இன்னொன்று, நாங்கள் கேட்டு ஆச்சரியப்பட்டது. தொடர் கண்காணிப்புக்கு மிகவும் உதவும் பரிசோதனைகளில் ஒன்று ரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்ப்பது. இது சில நூறு ரூபாய் விஷயம். மருந்து வேலை செய்தால் இரண்டும் இறங்கி வரும். இறங்கியது திரும்ப ஏறினால் அப்போது ஸ்கேனை யோசிக்கலாம். மாதாமாதம் ஸ்கேன் என்று சீட்டு வந்தால், ‘இடையில் ரத்தப் பரிசோதனை போதுமா டாக்டர்?’ என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் கோபப்பட மாட்டார்கள்.

இந்த ஸ்கேன்களை எந்த வரிசையில் எடுப்பது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே முழு ஒற்றுமை இல்லை. பொதுவாகக் காணும் வழக்கம் இது: முதலில் சி.டி., பரவியதன் அளவை அறிய எம்.ஆர்.ஐ., இவை இரண்டிலும் தெளிவில்லாவிட்டாலோ மருந்தை நிறுத்தும் கட்டத்திலோ போன் ஸ்கேன் அல்லது பெட். ஆகவே ஒரு டாக்டர் கேட்டதை இன்னொருவர் கேட்கவில்லை என்றால் யாரோ ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டாதீர்கள்.

உதவி கேட்டு வருபவர்களுக்கு

இனி ஸ்கேனுக்கு உதவி கேட்கும் விண்ணப்பத்தோடு மூன்று விவரம் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். இந்த ஸ்கேன் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதிய ஒரு வரி. முன்பு எடுத்த ஸ்கேன்களின் ரிப்போர்ட் மட்டுமல்லாமல் சி.டி. தட்டும் பிலிமும், கடைசி மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சீட்டு. பழைய படத்தின் தட்டு இல்லாததால் ஒரே மாதத்தில் மறுபடி சி.டி. எடுத்த குடும்பம் உண்டு. அந்தப் பணம் இன்னொருவரின் மருந்துக்குப் போயிருக்க வேண்டியது. ஜகாத் பணம் வேறு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் முதலில் அரசு மருத்துவமனையிலோ திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலோ காப்பீட்டு மேசையில் கேளுங்கள். எந்தப் பரிசோதனைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அங்கே சொல்வார்கள். ஸ்கேன் எடுத்து முடித்துப் பில்லோடு போனால் பயனில்லை, முன் அனுமதி வேண்டும். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு வந்தால் விண்ணப்பிக்க உதவுகிறோம். திருச்சி ரோட்டில் உள்ள கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. துணைக்கு ஆள் இல்லாத பெரியவர்களை அழைத்துச் செல்ல நம் இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். சர்க்கரை உள்ளவர் காதில் பட்ஸ், தீக்குச்சி, கோழி இறகு எதையும் விடக் கூடாது. பூண்டு தட்டிக் காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம். அழுக்கெடுக்கக் காதுக்குள் தண்ணீரைப் பீய்ச்சுவது சர்க்கரை நோயாளிகளிடம் இந்த நோய் தொடங்கக் காரணமாகியிருக்கிறது என்பதால், ‘எனக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உளூவில் ஈர விரலால் காதைத் தடவுவதால் கெடுதல் இல்லை. தூக்கத்தைக் கெடுக்கும் இரவு வலி, சொட்டு மருந்துக்கு இரண்டு வாரத்தில் அடங்காத சீழ், முகத்தில் ஒரு பக்கக் கோணல், விழுங்குவதில் சிரமம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மருத்துவ உதவி விண்ணப்பப் படிவம் வழக்கம்போல அறக்கட்டளை அலுவலகத்தில் அஸருக்கும் மக்ரிபுக்கும் இடையில் கிடைக்கும். பெண்கள் வருவதானால் ஞாயிறு காலையில் வரலாம், சகோதரிகள் இருப்பார்கள்.